விழுந்துதான் பழக வேண்டுமா?

துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தில் ஈடுபடும் இளைஞரிடையே ஒரு வாசகம் வழங்குகிறது. புதிய மிதியிலே காலைக் கொளுவி ஓடப் பழகுபவன் மூன்று தடவை விழுவான். விழுந்த பின்னரே ஓட்டக்காரன் ஆவான் என்பது அது. இவ்வாசகம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. இவ்வகை மிதி சென்ற நாடுகளிலெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இதுவும் சென்றிருக்கிறது. விழும் எண்ணிக்கை மட்டும் சொல்வார்க்குச் சொல்வார் வேறுபடும். சொல்பவர் சிரித்துக்கொண்டு சொல்கின்றனர், கேட்பவனும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு கல்விக் கொள்கை ஒளிந்திருக்கிறது என்பதும், அக்கொள்கை பிழையானது என்பதும் என் துணிபு. ஆசிரியரும் மாணவரும் பெரும்பான்மையாகப் படிக்கும் இப்பக்கத்திலே ஒரு மிதியைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணமும் அதுவே.

முதலிற் பொருள் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். நாம் அன்றாடம் பாவிக்கும் வண்டியின் மிதி தட்டையானது. கால் அதன்மேல் இருக்கும், வேண்டியபோது எழும். நான் கூறும் மிதியோ காலைப் பற்றிக்கொள்வது. சப்பாத்தின் அடியிலே, முன்பாதத்துக்கு நேராக, சிறு தகடொன்று திருகாணிகளாற் பொருத்தப்பட்டிருக்கும். மிதியிலே வில்லொன்றினால் இறுக்கப்பட்ட வாய் உண்டு. தகட்டின் முனையை அவ்வாயினுட் செலுத்தி அழுத்தினால், ‘கிளிக்’ என்ற ஓசையுடன் மிதி அதனைக் கௌவிக்கொள்ளும். மீட்பதற்கு வழி குதிக்காலை வெளிப்புறமாகத் திருப்புவது ஒன்றுதான். மேலே இழுத்தால் வராது. பின்னே இழுத்தாலும் வராது. கை வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை, திருப்பினாற் போதும். ஆனால் திருப்பத்தான் வேண்டும்.

இதன் ஆங்கிலப் பெயர் ஒரு வேடிக்கை. ‘கிளிப்லெஸ்’ என்பர், அதாவது கிளிப் இல்லாதது. காலைப் பிடித்துவைக்கும் மிதிக்குப் பிடிப்பில்லாத மிதி என்று பெயர் வைப்பானேன் என்று புதிதாகக் கேட்பவர் மயங்குவர். முன்னாளிற் பந்தய வண்டிகளின் மிதிகளில் விரற்பக்கம் ஓர் உலோகக் கூடும், அதனை இறுக்கத் தோல் வாரும் இருந்தன. அக்கூட்டுக்கே கிளிப் என்று பெயர். அது ஒழிந்தமையால் இது கிளிப்லெஸ் ஆயிற்று. போனதன் பெயரை வந்ததற்குச் சூட்டுவது நாம் அறியாத வழக்கமன்று. எனினும் தமிழில் நாம் அதே மயக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் நாட்டு அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்ட காலத்தில் இம்மிதி இருந்திருப்பின், அவர்கள் வடமொழி வேர் தேடி நீண்டதொரு பெயர் தந்திருப்பர் போலும். எனக்கோ வீட்டுச் சொல்லே போதும். யாழ்ப்பாணத்திலே கதவைக் கொளுவுகிறோம். சட்டையை ஆணியிற் கொளுவுகிறோம். ஆகவே இதனைக் கொளுவுமிதி என்கிறேன். பூட்டுமிதி என்றால் திறப்புத் தேட வேண்டிவரும். கொளுவியதைக் கழற்றலாம் என்ற பொருள் கொளுவு என்ற சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. நான் சொல்லவந்த வாதத்திற் பாதி அச்சொல்லில் இருக்கிறது.

மீதிப் பாதி இம்மிதியின் வரலாற்றில் இருக்கிறது. உலோகக்கூடும் தோல்வாரும் பல்லாண்டுகள் பந்தயத்தை ஆண்டன. அக்கூடுகளுள் பெயர்பெற்ற ஒன்று, யூஜின் கிறிஸ்தோப் என்ற பிரெஞ்சு ஓட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. 1913ஆம் ஆண்டின் ‘ரூர் டி பிரான்ஸ்’ எனும் பிரான்சுச் சுற்றோட்டத்தில் வண்டியின் முன்கவர் முறிய, அதனைத் தோளிற் சுமந்து மலையிறங்கி, கிராமத்துக் கொல்லன் உலையிலே தாமே ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தவர் அவர். உலைத்துருத்தியை ஊத ஒரு சிறுவனின் உதவியைப் பெற்றார் என்பதற்காக நடுவர்கள் அவருக்குத் தண்டமும் விதித்தனர். (அந்த நடுவர்களைப் போன்ற பரீட்சகர்களை நாமும் கண்டிருக்கிறோம்.) அக்கூட்டிலிருந்து காலை எடுக்க வேண்டுமாயின், ஓட்டக்காரன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். தளர்த்த மறந்தவன் வண்டியோடு சாய்வான். அடித்தோலில் வெட்டுள்ள தகட்டை அறைந்து மிதியின் விளிம்பிற் பொருத்தி, வாரையும் இறுக்கிக்கொண்ட பந்தயக்காரனுக்கு விடுதலை இன்னும் அரிது.

கூடில்லாமற் காலைப் பிடிக்கும் எண்ணம் மிகப் பழையது. சார்ள்ஸ் ஹான்சன் என்ற அமெரிக்கர் 1895ஆம் ஆண்டிலேயே அத்தகைய மிதிக்கு உரிமம் பெற்றார், அது பரவவில்லை. இத்தாலியில் சினெல்லி நிறுவனத்தார் எழுபதுகளின் தொடக்கத்தில் எம்-71 என்ற மிதியைச் செய்தனர். அது காலை நன்றாகவே பிடித்தது. ஆனால் விடுவிப்பதற்கு, குனிந்து மிதியிலுள்ள நெம்பைக் கையால் அசைக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் ஓட்டக்காரர் அதற்கு மரணமிதி என்ற பொருளிற் பட்டப்பெயர் சூட்டினர். பின்னர் வெற்றி பெற்றவரோ வண்டி செய்பவரல்லர், பனிச்சறுக்குக்கட்டைக்குப் பிணைப்புக் கருவி செய்பவர். பிரான்சின் நெவேர் நகரத்திலே ஜான் பெய்ல் என்பார் நிறுவிய ‘லுக்’ நிறுவனம் சறுக்குவோரின் சப்பாத்தைக் கட்டையோடு பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்தது. சறுக்குபவன் விழும்போது கட்டை காலை விடாவிட்டால் எலும்பு முறியும். ஆகவே அவர்களின் கைத்தொழிலில் அரும்பாடு முழுவதும் காலைக் கட்டுவதிலன்று, முறுக்கு வந்த கணத்தில் விட்டுவிடச் செய்வதிலேயே இருந்தது. அவ்வறிவை அவர்கள் மிதிக்குக் கொண்டுவந்தனர். 1984இல் அவர்களது மிதி வெளிவந்தது. 1985இல் பேர்ணார் ஈனோ அதனைக் கொண்டு ஓடித் தமது ஐந்தாவது பிரான்சுச் சுற்றோட்ட வெற்றியைப் பெற்றார். அவ்வோட்டத்தின் இடையே சாந் எத்தியேன் நகரிலே பலரோடு மோதி விழுந்து மூக்கெலும்பு முறிந்தும் வென்றார். அவர் குழுவுக்கும் லுக் நிறுவனத்துக்கும் அப்போது உரிமையாளர் ஒருவரே, பேர்ணார் தப்பி என்ற வணிகர். எனவே விளம்பரமும் தானே அமைந்தது. அதன் பின்னும் அயர்லாந்தின் ஷோன் கெலி போன்ற பெருவீரர் சிலர் பழைய வாரை எளிதில் விடவில்லை. 1990இல் யப்பானின் ஷிமானோ நிறுவனத்தார் மலைவண்டிக்கென, நடந்து செல்லத்தக்க சப்பாத்தோடு, சிறிய தகட்டு மிதியை வெளியிட்டனர். கொளுவுமிதி பந்தயக்காரரைக் கடந்து சாதாரண ஓட்டக்காரரிடம் பரவ அது பெரிதும் வழிசெய்தது.

இவ்வரலாற்றை நான் விரித்ததன் நோக்கம் ஒன்று. பிடிப்பது பழைய வாருக்கும் தெரியும். சினெல்லியின் மிதிக்கும் தெரியும். புதிய மிதியின் புதுமை விடுவதில் இருக்கிறது. புத்தமைப்பின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாடமும் தொடங்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். கடைக்காரர் மிதியைப் பூட்டித் தருகிறார். நண்பர் கொளுவும் விதத்தைக் காட்டுகிறார். ‘கிளிக்’ என்று கேட்டதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பழகுநன் வீதிக்கு அனுப்பப்படுகிறான். கழற்றும் பாடத்தை முதற் சந்தியின் சிவப்பு விளக்கு நடத்துகிறது.

அங்கே அவன் ஏன் விழுகிறான்? வேகத்தாலன்று, வேகமின்மையால். ஓடும் வண்டி ஒருபக்கம் சாய்ந்தால், சாயும் பக்கத்துக்கே கைபிடி சற்றுத் திரும்ப, சக்கரங்கள் உடலின் கீழே வந்து சேர்ந்துகொள்கின்றன. நாம் அறியாமலே இடைவிடாது இது நிகழ்கிறது. வேகம் குறையக் குறைய இத்திருத்தம் வலுவிழக்கும். வண்டி நின்றபின் நிலத்தைத் தொடும் கால் ஒன்றே கதி. சிறு பராயத்திலிருந்து அந்தக் கால் ஒரு பாடத்தையே படித்திருக்கிறது: வண்டி சாய்கிறது, காலை மேலே தூக்கி வெளியே வை. கொளுவுமிதி இவ்வொரு செயலைத்தான் மறுக்கிறது. பழகுநன் நேரே இழுக்கிறான், மிதி விடவில்லை. பயம் வருகிறது, இன்னும் பலமாக நேரே இழுக்கிறான். திருப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததன்று, கேட்டால் ஒப்புவிப்பான். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. இரண்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மற்றொரு வகையும் உண்டு. இடக்காலைக் கழற்றிவிட்டு வலப்புறம் சாய்பவன் கொளுவிய காலின் பக்கமாகவே விழுவான்.

நின்ற வண்டியிலிருந்து விழுவதில் என்ன கேடு என்பர். நீட்டிய கையிலே உடலின் பாரம் முழுவதும் இறங்கும்போது மணிக்கட்டின் சிற்றெலும்பு முறியும். தோளில் இறங்கினாற் காறையெலும்பு முறியும். இவை வைத்தியர் யாவரும் அறிந்த முறிவுகள். நான் அறிந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சந்தியிலே நின்றபோது வலப்புறமாக, அதாவது வீதியின் நடுப்புறமாகச் சாய்ந்தான். பின்னால் வந்த லொறிக்காரர் கண்ணுள்ளவராக இருந்தமையால் லொறி நின்றது. கூட வந்த ஓட்டக்காரர் கை தட்டினர்; முதலாவது விழுகை முடிந்ததென்று எண்ணிக்கையும் சொன்னார்கள். எழுதும் கையின் மணிக்கட்டுக்குச் சாந்துக்கட்டுப் போட்டுப் பல வாரம் இருந்தான் அவன். பரீட்சை அண்மித்திருந்த காலம் அது. கை தட்டியவர் தீயவரல்லர்; ஒவ்வொருவரும் தம் காலத்தில் அவ்வாறே விழுந்து, அவ்வாறே கைதட்டல் பெற்றவர். தீங்கு இப்படித்தான் மரபாகிறது.

விழுகை ஒரு பாடம் என்பார் கூறும் நியாயத்தை நான் அசட்டை செய்யவில்லை. விழுந்தவன் அடுத்த தடவை மறவான் என்கின்றனர். எதை மறவான்? விழுந்ததை மறவான். அவன் உடல் அன்று கற்றது அச்சத்தை, குதிக்காலைத் திருப்புவதையன்று. அஞ்சிய கால் இறுகும். இறுகிய கால் நேரே இழுக்கும். விழுகைக்குப் பிறகும் அவன் கற்க வேண்டிய திருப்பம் கற்க வேண்டியதாகவே இருக்கிறது. கேணியிலே தள்ளிவிட்டு நீந்தப் பழக்குவது எம்மூர்ப் பழைய வழி. அதிற் பிழைத்துக்கொண்டவர் அதனைப் புகழ்வர். பழகாமல் தண்ணீரையே வெறுத்துப் போனவர் பேசுவதில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைப் பிரம்போடு சேர்த்து வைத்திருந்த ஆசிரியர்களையும் அறிவோம். உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. பழமொழியோ சுற்றறிக்கையை வாசிப்பதில்லை. துன்பப்பட்டுக் கற்றவன், துன்பத்தினாலேதான் கற்றோம் என்று நம்பிவிடுகிறான். துன்பம் இருந்தும் கற்றோம் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

நான் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே கொளுவுமிதிக்கு வந்தவன். அவ்வயதில் எலும்பு பொருந்த நாட்செல்லும் என்ற நினைவு இருந்தமையால் அவசரப்படவில்லை. இதுவரை விழவில்லை. இதனைத் திறமைக்குச் சான்றாகக் கூறவில்லை. என் உடல் விளையாட்டுக்கு வளைந்த உடலன்று. நான் பின்பற்றிய ஒழுங்கே அதற்குக் காரணம். பின்னர் அயலிலுள்ள மாணவர் சிலருக்கும் அதே ஒழுங்கிற் பழக்கியிருக்கிறேன்.

முதலில் வில்லைத் தளர்த்த வேண்டும். மிதியின் பின்புறத்தே சிறு திருகாணி இருக்கிறது. அறுகோணச் சாவியால் அதனைத் திருப்பினாற் பிடி தளரும். பிறகு வண்டியைச் சுவரோரமாக நிறுத்தி, சுவரை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர வேண்டும். ஒரு காலை மட்டும் கொளுவி, குதிக்காலைத் திருப்பிக் கழற்றுக. ஐம்பது தடவை. மற்றக் காலுக்கும் ஐம்பது. அடுத்த நாளும் அதுவே. ஓர் அடியும் நகராத வண்டியில் இதனைச் செய்வது சலிப்பைத் தரும். சலிப்புத் தோன்றும்போதுதான் கால் கற்கத் தொடங்கியிருக்கிறது. மனனப் பயிற்சியைப் பழிப்பது இக்காலத்துப் பாணி. நானும் அதன் பெருநேசனல்லன். ஆயினும் எண்ணிப்பார்க்க நேரமில்லாத இடத்தில் உதவுவது மனனம் செய்த உடலே. மூன்றாம் நாள் புல்வெளிக்குப் போகலாம். அங்கே ஒரு காலைக் கொளுவி மற்றதைத் தொங்கவிட்டு ஓடி நிறுத்துதல். பின்பு இரண்டையும் கொளுவி ஓடி நிறுத்துதல். விழுந்தாலும் புல்லில் விழட்டும் என்பதற்காகவன்றி, நிறுத்த வேண்டிய இடத்தைப் பழகுநனே தீர்மானிப்பதற்காகவே புல்வெளி. வீதியிலோ அந்த இடத்தைப் பிறர் தீர்மானிக்கின்றனர்.

நிறுத்தும் வரிசையை மாற்றிக்கொள்வதே இப்பயிற்சியின் கரு. தட்டை மிதியில் நிறுத்திவிட்டுக் காலை எடுக்கிறோம். இங்கே காலை எடுத்துவிட்டே நிறுத்த வேண்டும். வண்டி இன்னும் உருளும்போதே கழற்றி, கழற்றிய காலை மிதியின்மேல் சும்மா வைத்துக்கொண்டு, பிறகு பிறேக்கை அழுத்துவது. பத்து யார் தொலைவில் நாயோ பிள்ளையோ குறுக்கிட்டாலும் கழற்றிவிட வேண்டும். குறுக்கிடாமற் போய்விட்டால் மறுபடியும் கொளுவிக்கொள்வதில் நட்டமொன்றுமில்லை. எந்தக் காலைக் கழற்றுவது என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால் வீதியோரம் இடப்பக்கத்தில் இருக்கிறது. சங்கிலியும் பற்சக்கரமும் வண்டியின் வலப்பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே இடக்காலைக் கழற்றி இடப்புறம் சாய்வதே நன்று. கரையும் பக்கத்தில் இருக்கும். வேட்டியிலோ காலிலோ கரியும் படியாது. வாகனம் வலப்புறம் செல்லும் பிரான்சிலே இவ்விரண்டு நியாயங்களும் ஒன்றோடொன்று முரண்படும். நமக்கு அந்தச் சங்கடமில்லை. தகட்டிலும் வகை உண்டு. பாதம் பக்கவாட்டில் சற்று அசைய இடந்தரும் தகடு முழங்காலுக்கு நல்லது. சிறிய தகட்டு மிதிகளில், பல திசையிலும் விடத்தக்க தகடொன்று தனியாகவே விற்கப்படுகிறது. பழகுநனுக்கு அதுவே ஏற்றது. பந்தயக்காரர் சிலர் அதனை இகழ்வர். இகழட்டும்.

இனி, இம்மிதி எல்லோருக்கும் வேண்டியதா என்ற கேள்வி. வேண்டியதன்று. சந்தைக்கும் பாடசாலைக்கும் போகிறவருக்குத் தட்டை மிதியே சிறந்தது. தொண்ணூறுகளில் எரிபொருள் கிட்டாத யாழ்ப்பாணம் முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஓடியது. நோயாளரும் விறகும் நெல்மூடையும் தட்டை மிதியிலேயே ஊர்ந்தன. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுவதும் மறுபடி வண்டியை நாடியபோதும் எவரும் கொளுவுமிதியைத் தேடவில்லை. அமெரிக்காவில் வண்டி செய்பவரான கிறான்ற் பீற்றர்சன் என்பார், பந்தயம் ஓடாதவர் பந்தயக்காரரைப் போல உடுத்துக் காலையும் பிணைத்துக்கொள்வது வீண் என்று 2012இல் வெளியிட்ட நூலில் வாதிட்டிருக்கிறார். அவர் கூற்றிற் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. காலை மேலே இழுத்து மிதிப்பதால் ஆற்றல் பெருகும் என்று கடைக்காரரும் பழைய ஓட்டக்காரரும் சொல்லிவருவதும் அவ்வளவு உறுதியானதன்று. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்விலே பயிற்சிபெற்ற ஓட்டக்காரரை வேண்டுமென்றே மேலிழுத்து மிதிக்கச் சொல்லி அளந்தனர். விசை செலுத்தும் ஒழுங்கு சீரானது. ஆனால் அதே வேலைக்கு உடல் செலவிட்ட சக்தி கூடிற்று. தாமே விரும்பியபடி மிதித்தபோதே செலவு குறைந்திருந்தது. எனவே பழகுநன் மேலிழுக்க முனைந்து முழங்காலை நோகடிக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் பயன் என்ன? நீண்ட தூரம் ஓடுகையில் பாதம் ஒரே இடத்தில் இருக்கிறது. மழையிலும் குண்டு குழியிலும் அது மிதியை விட்டு வழுவுவதில்லை. காற்றுக்கு எதிரே இருக்கையை விட்டெழுந்து மிதிப்பவனுக்கு அந்த உறுதி தேவை. பந்தயம் ஓடும் இளைஞனுக்கும், ஒரு நாளில் நூறு மைல் போக விரும்புபவனுக்கும் இது நியாயமான கருவி. அவர்களைத் தடுப்பது என் நோக்கமன்று. அவர்களுள் ஒருவனாகவே எழுதுகிறேன். அவர்களைப் பழக்குவோரிடம்தான் எனக்கு வழக்கு.

கழகங்கள் வைத்திருப்போர் புதியவனை வீதிக்கு அழைத்துச் செல்லுமுன் அவன் கழற்றுவதைப் பார்க்கட்டும். நின்ற வண்டியிலே இரு காலையும் பார்வை கீழே போகாமற் கழற்றத் தெரியாதவனை வரிசையிற் சேர்க்க வேண்டாம். விழுகையை எண்ணும் வழக்கத்தை விட்டுவிடட்டும். மிதி விற்பவரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெட்டியைப் பிரித்து மிதியைப் பூட்டும்போதே அந்தத் திருகாணியைத் தளர்த்திக் கொடுங்கள். மூன்று மில்லிமீற்றர்ச் சாவி போதும். சிட்டை எழுதும் நேரங்கூடச் செல்லாது. வாங்குபவன் வீட்டுக்குப் போனபின் தகடு தேயும். தேய்ந்த தகடு எப்போது விடும், எப்போது விடாது என்று சொல்ல முடியாதபடி நடந்துகொள்ளும். கடற்கரை மணல் புகுந்தால் வாயும் அடைபடும். தகட்டை இடையிடையே பார்த்து மாற்ற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.